அடுக்கும் எக்ஸ்ப்பும்

ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கணக்கு வகுப்பு நடந்தால் காதில் விழுவது ‘ஈ பவர் எக்ஸ்’ என்ற பெயர்தான். கம்ப்யூட்டர் லேபில் அது செல்லுபடியாகாது. பவர்தானே என்று 2-க்கும் 3-க்கும் நடுவே தொப்பிக் குறியைப் போட்டால் சி மொழி 8 தராது, 1 தரும். அங்கே அந்தக் குறிக்கு வேலையே வேறு. ஈ என்ற மாறிலியின் பவர் வேண்டுமென்றால் கணித நூலகத்திலிருந்து அழைக்க வேண்டிய பெயர் ‘எக்ஸ்ப்’.

இந்தப் பெயரின் வேர் 1544-ல் இருக்கிறது. ஜெர்மனியின் மைக்கேல் ஸ்டீஃபெல் 1, 2, 4, 8 என்று பெருகும் வரிசைக்கு மேலே 0, 1, 2, 3 என்று எழுதி, மேல்வரிசை எண்ணை ‘எக்ஸ்போனென்ஸ்’ என்றார். ‘எடுத்து வெளியே வைப்பது’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. எண் உட்கார்ந்த இடத்தைச் சொல்கிறதே தவிர, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை.

1957-ல் ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் மொழி அதைச் சுருக்கி ‘எக்ஸ்ப்எஃப்’ ஆக்கியது. நூலகச் சார்புகளின் பெயரெல்லாம் எஃப் என்ற எழுத்தில் முடிய வேண்டும் என்பது அன்றைய விதி. எஃப் என்றால் ஃபங்ஷன். பிறகு அந்த வால் உதிர்ந்தது. 1999-ம் ஆண்டு சி தரவரையறையில் அதே வால் திரும்ப முளைத்தது. இம்முறை எஃப் என்றால் ஃப்ளோட், அதாவது ஒற்றைத் துல்லிய எண். எழுத்து மாறவில்லை, பொருள் முழுக்க மாறிவிட்டது.

நம் பாடநூல்கள் வைத்த பெயர் ‘அடுக்கு’. எனக்கு இதுதான் பிடித்த பெயர். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அடுக்குத்தொடர். அது இரண்டு, மூன்று, நான்கு வரை போகலாம் என்று நன்னூல் எல்லை கட்டுகிறது. ஒரே எண் திரும்பத் திரும்பப் பெருகினால் கணித அடுக்கு.

ஈயை அரைத் தடவை எப்படி அடுக்குவது என்று கேட்கலாம். நூலகம் உள்ளே செய்வதைப் பாருங்கள். எக்ஸ்ப்புக்குப் 10-ஐக் கொடுத்தால், பரவலான ஒரு முறைப்படி அதை 0.6931-ஆல் வகுக்கிறது. இந்த எண் 2-இன் இயல் மடக்கை. 14 முழுத் தடவை போக ஏறத்தாழ 0.2959 மிஞ்சும். மிச்சத்துக்கு மட்டும் ஒரு பல்லுறுப்புக் கோவை, விடை 1.3444. அந்த 14, இரண்டை 14 முறை அடுக்கிய 16,384 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் 22,026 சொச்சம். எக்ஸ்ப் என்ற லத்தீன் சுருக்கத்துக்குள் விடையை இவ்வளவு பெரிதாக்குவது அடுக்குவதுதான்.