சயாம் பாதையும் மிதிவண்டியும்: தென்னாற்காட்டுத் தந்தையரின் போர்க்காலத் தடம்

போர்க்காலத்தில் பெற்றோர் கடந்த வழியைப் பிள்ளைகள் மிதிவண்டியில் மீண்டும் கடந்து, அதன்மூலம் அறப்பணிக்கு நிதி திரட்டும் வழக்கம் ஐரோப்பாவில் அண்மைக் காலத்தில் வேரூன்றிய ஒன்றாகும். காயமுற்ற படைவீரர்களுக்காகப் பிரிட்டனில் தொடங்கப்பட்ட ‘ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்’ அமைப்பு 2008 முதல் பிரான்சின் பழைய போர்க்களங்களின் வழியே மிதிவண்டிப் பயணங்களை நடத்தியது; போலந்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து கிராக்கவ் நகர யூத சமூக மையம் வரையிலான ஆண்டுப் பயணம் 2014இல் தொடங்கியது. 1945இல் பத்து வயதுச் சிறுவனாக அம்முகாமிலிருந்து விடுபட்டு, பெற்றோரைத் தேடி அதே வழியில் நடந்தே கிராக்கவ் சேர்ந்த ஒருவர், எழுபது ஆண்டுகள் கழித்து 2015இல் தம் குடும்பத்தாருடன் அப்பாதையில் மிதிவண்டியில் சென்றார் என்பது இவ்வழக்கத்தின் உட்பொருளைக் காட்டப் போதுமானது. இத்தகைய பயணம் வெறும் உடற்பயிற்சியன்று. எந்த நாளில் எந்த ஊரில் தங்கினார்கள் என்று சொல்லத்தக்க ஏதேனுமொரு பதிவு இருந்தால்தான் அதை மேற்கொள்ளவே முடியும். பட்டாளத்துக்கு நாட்குறிப்பு உண்டு, கைதிக்கு முகாம் எண் உண்டு. தோட்டக் கூலிக்கு இவை இரண்டும் இல்லை என்பதிலிருந்துதான் தென்னாற்காட்டின் கதை தொடங்குகிறது.

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் செல்லும் சாலையில் அமைந்த கருவேப்பிலங்குறிச்சியும் அதைச் சூழ்ந்த வெள்ளாற்றுப் பகுதிச் சிற்றூர்களும் ஆங்கிலேயர் காலத்தில் தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவை. பிற்காலத்தில் பீங்கான் தொழிலால் விருத்தாசலம் பெயர் பெற்றது என்றாலும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வட்டாரம் மானாவாரி நிலத்தையும் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைச் சாகுபடியையும் நம்பி வாழ்ந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலமற்றோர்க்குக் கடல் கடப்பதைத் தவிர வேறு போக்கிடம் குறைவு. வடாற்காடு, தென்னாற்காடு, திருச்சி, தஞ்சை, சேலம் ஆகிய மாவட்டங்களே மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆளனுப்பியவை. தோட்டத்தில் ஏற்கனவே வேலை செய்யும் ஒருவர் உரிமச் சீட்டுடன் சொந்த ஊருக்கு வந்து, உறவினரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு திரும்பும் முறை கங்காணி முறை எனப்பட்டது. ஆகவே ஒரு தோட்டத்தின் லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட கூலி வீடுகளில், ஒரே வட்டாரத்தாரும் ஒரே சாதியாரும் கூடியிருப்பது இயல்பாயிற்று. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் அம்மைப்பால் வைக்கப்பட்டுக் காத்திருந்த பின், 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் அவர்கள் சென்றனர். உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தபோது இப்போக்குவரத்து நின்றது. அதற்குள் போய்ச் சேர்ந்தவர்களே பின்னர் போரின் வாயில் அகப்பட்டவர்கள்.

மிதிவண்டி இவ்வரலாற்றுக்குள் நுழைவது போருக்கும் முன்னதாகவே ஆகும். சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இன் முற்பகுதியில் தமிழ்த் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல், மருத்துவ வசதி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத் துரைமார்களின் முன்னிலையிலும் ஆசிய அலுவலர்களின் முன்னிலையிலும் மிதிவண்டியில் அமர்ந்தே செல்லும் உரிமை. துரை எதிரே வந்தால் வண்டியிலிருந்து இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது அதுவரை தோட்டத்து நடைமுறை. கூலி உயர்வுக்கான பட்டியலில் இப்படியொரு வரி இடம்பெற்றிருப்பதைச் சில்லறைச் செய்தியாகக் கடந்துவிடக் கூடாது. ஊரில் செருப்பணிந்து நடக்கத் தடைபட்ட தெருக்களை அறிந்த மக்களுக்கு, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டியிலிருந்து இறங்க நேர்வது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிளர்ச்சித் தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், மே மாதத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வரவழைக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

ஏழே மாதங்களில் அதே தோட்டச் சாலைகளில் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகள் யாருக்கும் இறங்காமல் வந்தன. 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவிலும் தென் சயாமின் கடற்கரையிலும் இறங்கிய ஜப்பானின் 25ஆம் படை, தளபதி யமஷிதாவின் தலைமையில் 1942 ஜனவரி இறுதிக்குள் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தெற்கே முன்னேறியது. அப்படையின் திட்ட அதிகாரியான ட்சுஜி மசனோபு பின்னர் எழுதியபடி, ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன. பின்வாங்கிய பிரிட்டிஷார் பாலங்களைத் தகர்த்த இடங்களில் படைவீரர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். போருக்கு முன்பே ஜப்பானிய மலிவு விலை மிதிவண்டிகள் மலேயாச் சந்தையில் நிறைந்திருந்தமையால் உதிரி உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை, பற்றாதவை ஊராரிடமிருந்து பறிக்கப்பட்டன. வெப்பத்தில் டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினர் என்றும், இரவில் தார்ச்சாலையில் அந்த இரும்பு உராயும் ஓசையை டாங்கிகளின் ஓசையென்று எதிரணியினர் மயங்கினர் என்றும் அதே குறிப்புகள் கூறுகின்றன. ஜனவரி 11இல் கோலாலம்பூரும் பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. ரப்பர் ஏற்றுமதி நின்றதால் பால்வெட்டு நின்றது, கூலி நின்றது, பர்மா அரிசி வரத்தும் குறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணிக்கு மாற்றாகச் சாக்கு உடுத்திய காலமென்று தோட்டத்து முதியோர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது ஜப்பானியர் ஆட்சியின் இந்த மூன்றரை ஆண்டுகளைத்தான்.

வேலையின்றிக் கிடந்த இந்த மக்கள் கூட்டத்தையே சயாம்–பர்மா ரயில்பாதை விழுங்கியது. சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆபத்துக்குள்ளானதால், சயாமின் நோங் பிளாடுக்கையும் பர்மாவின் தான்பியூஸயாட்டையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதையை அமைக்க ஜப்பானியத் தலைமை 1942இன் நடுவில் முடிவு செய்தது. முதலில் போர்க்கைதிகள் அனுப்பப்பட்டனர். 1943இன் தொடக்கத்தில் பணியை விரைவுபடுத்த ஆணை வந்தபோது, அவ்வளவு கைதிகள் போதாதென்று மலேயாத் தோட்டங்களின்மீது கணக்குப் போடப்பட்டது. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, உணவும் உறைவிடமும் இலவசம் என்பவை வாய்மொழியாகக் கொடுக்கப்பட்ட வாக்குகள். அவற்றை நம்பிச் சென்றோர் முதல் தொகுதியினர். அவர்களிடமிருந்து கடிதம் வராத நிலையில் அடுத்த தொகுதிக்கு ஆள் கிடைக்கவில்லை. அப்போது தோட்டத்துக் கிராணிமார், அதாவது கணக்கு எழுத்தர்கள், தத்தம் தோட்டத்துக்கு விதிக்கப்பட்ட எண்ணிக்கையை நிறைவு செய்யப் பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டியதாயிற்று. இலவசத் திரைப்படம் என்று கூட்டிச் சென்று லாரியில் ஏற்றியதும், சாலையில் நடந்தவர்களைப் பிடித்துப் போனதும் உண்டு. யார் பெயர் பட்டியலில் ஏறியது, யார் பெயர் தப்பியது என்பதில் கிராணிக்கும், கூலிகளை மேற்பார்த்த தண்டலுக்கும் இருந்த கை, ஜப்பானியர் மீதான பழிக்குப் பின்னால் மறைந்துகொண்டது. அதைத் தோட்டத்து மக்கள் மறக்கவில்லை என்பதே நேர்மையான கணிப்பு.

பயணம் மூடிய இரும்புச் சரக்குப் பெட்டிகளில் தொடங்கியது. கோலாலம்பூரிலிருந்து சயாமின் பான் போங் வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், பகலில் தகடு கொதிக்கும், இரவில் குளிரும், உட்காரத்தான் இடமுண்டு, படுக்க இடமில்லை. பான் போங்கிலிருந்து உள்ளே நடை. மேல்முகாம்களுக்கு அனுப்பப்பட்டோர் மழையில் மூங்கில் காடுகளினூடே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தனர். அதே பருவத்தில் அதே வழியில் 300 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்ட ‘எஃப்’ பிரிவு என்னும் 7,000 போர்க்கைதிகளில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பதைக் கொண்டு, மருத்துவரோ அதிகாரியோ தம்முடன் இல்லாத கூலிகளின் நிலையை ஊகிக்கலாம். 1943 மே மாதத்தில் மேல்முகாம்கள் இருந்த நீக்கே வட்டாரத்தில் காலரா தொற்றியது. போர்க்கைதி முகாம்களில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடு இருந்தது, கழிப்பிடக் குழி வெட்டும் ஒழுங்கு இருந்தது, மூங்கில் குழாயைக் கொண்டே உப்புநீர் ஏற்றிய மருத்துவர்கள் இருந்தனர். குடும்பமாகவும் தனியாகவும் சிதறி வந்த தொழிலாளர் முகாம்களில் இவற்றில் எதுவும் இல்லாததால், ஒரே ஆற்றுநீரைக் குடித்த இரு முகாம்களுக்கிடையே சாவு எண்ணிக்கையில் பெரும் வேறுபாடு விளைந்தது. 1943 அக்டோபர் 17இல் இருபுறத்துத் தண்டவாளங்களும் கொன்கோயித்தாவில் இணைந்தன. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். மலேயாவிலிருந்து சென்ற ஏறத்தாழ 78,000 பேரில் பெரும்பான்மையர் தமிழர். அந்த 78,000 பேருள் 30,000 பேர் வரை இறந்ததாக ஜப்பானியப் பதிவுகள் கூறினாலும், ஓடிப்போனவர் என்று எழுதப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர் காட்டிலேயே விழுந்தனர் என்பது தெரியாததால் அவ்வெண்ணைக் குறைந்தபட்சமாகவே கொள்ள வேண்டும்.

இறந்தவர்களுக்குக் கிடைத்த இடத்திலும் இதே வேறுபாடு தொடர்ந்தது. ரயில்பாதை சென்ற காஞ்சனபுரியில் உள்ள போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலும் பெயரும் வயதும் பட்டாளமும் பொறித்த பலகைகளின்கீழ், வெட்டிச் சீரமைத்த புல்வெளியில் துயில்கின்றனர். தமிழ்த் தொழிலாளருக்கு அப்படியொரு வரிசை இல்லை. 1990இல் அந்நகரை ஒட்டிய நிலத்தில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே குழியில் கண்டெடுக்கப்பட்டபோதுதான் தொழிலாளர் புதைக்கப்பட்ட விதம் வெளியுலகுக்குப் புலப்பட்டது. விந்தை என்னவெனில், இவர்களைத் தமிழில் முதலில் நினைவுகூர்ந்த கல்வெட்டு ஜப்பானியப் படையே வைத்தது: அந்நகரின் ரயில் பாலத்தருகே 1944இல் எழுப்பிய நினைவுத்தூணில், இறந்த ஆன்மாக்களை அமைதிப்படுத்தும் வாசகம் பல மொழிகளில் பதிக்கப்பட்டுள்ளது, அவற்றுள் தமிழும் ஒன்று. மற்றபடி இந்நினைவு நெடுங்காலம் ஏட்டிலேயே தங்கியது. மலேசியாவில் ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இப்பாதையைத் தமிழ் வாசகரிடம் கொண்டுவந்தன. பிள்ளைகளின் தலைமுறையினர் மலேசியாவிலிருந்து காஞ்சனபுரிக்குக் குழுவாகச் சென்று வருவது அதற்கும் பின்னால் ஏற்பட்ட பழக்கம்.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் நினைவு இன்னும் மெலிந்தது. மலேசியாவில் 1969இல் குடியுரிமையற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பல்லாயிரம் தோட்டத் தமிழர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஊருக்கு வந்தவர்கள் நிலத்தையும் வீட்டையும் பங்காளி வழக்கையும் பார்த்தார்களேயன்றி, சயாமைப் பற்றி எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டவரும் இல்லை. ஆயினும் நிதி திரட்ட உடலை வருத்தும் வழக்கம் இங்கு இல்லாதது அல்ல. ஐரோப்பிய அறப்பயணங்கள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, திருவிழாத் திடலிலோ ஊர்ப் பொட்டலிலோ ஒருவர் பல நாள்கள் கால் தரையில் படாமல் மிதிவண்டியிலேயே சுற்றுவதும், வண்டியிலேயே குளித்து, உண்டு, உடை மாற்றுவதும், ஊரார் அவர் சட்டையில் ரூபாய்த் தாளைக் குத்துவதும், கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கி உடனே அறிவிப்பதும் தமிழகச் சிற்றூர்களில் ‘சைக்கிள் சுற்றுதல்’ என்ற பெயரில் நடந்தவையே. அப்பணம் ஓட்டுபவரின் வயிற்றுக்குச் சென்றது, அறப்பணிக்கன்று. எனினும் பிறர் கண்முன் தாங்கிய களைப்பே காசாகிறது என்ற கணக்கு இரண்டிலும் ஒன்று.

தந்தையரின் தடத்தைத் தொடரும் அறப்பயணமொன்றைத் தொழிலாளரின் பிள்ளைகள் மேற்கொள்வதாயின், போர்க்கைதிகளின் பிள்ளைகளைப் போலக் காஞ்சனபுரியில் வண்டி ஏறுவது பொருந்தாது. தந்தையின் வழி நாகப்பட்டினத்தில் கடலில் தொடங்கி, கிள்ளானிலோ பேராக்கிலோ ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் தங்கி, ஈப்போ, பாடாங் பெசார், ஹாட்யாய், சும்போன் வழியாகவே பான் போங்கை அடைந்தது. இவ்வழியின் மலேசியப் பகுதி 1941இல் ஜப்பானியப் படையின் மேற்கு அணி மிதித்து வந்த சாலைதான், எதிர்த் திசையில். நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டருக்கு இன்றும் ரயில் ஓடுகிறது. அதற்கப்பால் 1998இல் ஆஸ்திரேலியா அருங்காட்சியகம் அமைத்த ‘ஹெல்ஃபயர் பாஸ்’ பாறைவெட்டில் தடம் நடைபாதையாக எஞ்சியுள்ளது. தமிழர் மிகுதியாக இறந்த நீக்கே வட்டாரமோ 1984இல் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டதால், மிதிவண்டியில் செல்பவர் 323ஆம் எண் நெடுஞ்சாலையில் நீரை ஒட்டிச் சுற்றிக்கொண்டே சாங்க்லபுரி சேர இயலும். மூன்று பகோடா கணவாய் எல்லையிலிருந்து தான்பியூஸயாட் வரை ரயில்தடம் இன்னும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் செல்ல வேண்டும். மியன்மாரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் மூண்ட சண்டைகளால் அப்பகுதியில் பயணம் பாதுகாப்பற்றதாகிவிட்டது. ஆதலால் இப்போதைக்குப் பயணம் கணவாயோடு நிற்கும்.