தோட்டப் பதவியும் சங்கப் பொறுப்பும்: கம்போங் ராஜா வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

நிறுவனங்களில் பதவி வகிப்போரைப் பொதுவாக 'அதிகாரி' எனக் குறிக்கிறோம். பதவி யாரால் வழங்கப்படுகிறது, பதவியாளர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் இரு வினாக்களுக்கு இச்சொல் விடை தருவதில்லை. கேமரன் மலையின் வடபகுதியான கம்போங் ராஜா வட்டாரத் தோட்டச் சூழலில் இவ்வினாக்களைப் பொருத்தி நோக்குவது பயனுடையது.

1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கம்போங் ராஜாவை அடுத்துப் புளூ வேலித் தோட்டம் அமைந்தது. தேயிலை இங்கு வேரூன்றும் முன்னரே, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பெரிய துரை, சின்ன துரை, கிராணி, கங்காணி, தண்டல் என்னும் பதவியடுக்கு நிலைபெற்றுவிட்டது. இவ்வடுக்கில் ஒவ்வொரு பதவியும் மேலிருந்து வழங்கப்பட்டது; அதனைப் பறிக்கும் உரிமையும் மேலிடத்துக்கே இருந்தது.

இவர்களுள் கங்காணியின் நிலை தனித்து நோக்கத்தக்கது. சோழர் கல்வெட்டுகளில் 'கண்காணி' என்போர் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்கள். தோட்டக் கங்காணியோ ஆள்களைக் கண்காணித்தார். தம் ஊராரையும் உறவினரையும் அழைத்து வந்தவர் ஆதலால் தொழிலாளருக்கு அவர் நெருக்கமானவர்; எனினும், வேலைக்கு வந்த ஆள்களின் எண்ணிக்கைக்கேற்பத் தலைக்காசு பெற்றதால் அவர் நிருவாகத்தைச் சார்ந்தே நின்றார்.

இவ்வடுக்கிற்கு எதிரான குரல் 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்ட வேலைநிறுத்தத்தில் வலுவாக ஒலித்தது. ஊதிய உயர்வோடு, துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதும் தொழிலாளர் கோரிக்கையாக இருந்தது. அதனை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது, பி.பி. நாராயணன் அதன் முதல் பொதுச்செயலாளரானார். 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கப் பொறுப்பாளரை இரகசிய வாக்கெடுப்பின்வழித் தேர்ந்தெடுக்க வகை செய்தது. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கோயில் செயலவைகளும் பிறவும் ஆண்டுதோறும் கணக்கறிக்கை அளிக்க வேண்டியவை ஆயின. தோட்ட அடுக்கில் கடைசி நிலையில் நின்ற கொழுந்து பறிப்பவரும், இங்குத் தலைவராகவோ செயலாளராகவோ பொருளாளராகவோ வரும் வாய்ப்பு ஏற்பட்டது. சட்டத்தின் நோக்கில் இது பெரிய மாற்றமாகும்.

எனினும், தேர்தல் ஒன்றே பதவியின் இயல்பை மாற்றிவிடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரையும் துரையாகவே மதிக்கும் வழக்கம் தொடருமாயின், ஆண்டுப் பொதுக்கூட்டம் வெறும் சடங்காகிவிடும்; கணக்குக் கேட்பவர் அவமதித்தவராகக் கருதப்படுவார். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு இங்கு நினைக்கத்தக்கது. சொத்தும் கல்வியும் உடையோருக்கு மட்டுமே இடமளித்த சபை அது. ஆயினும், கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் பதவிக்கு வரலாகாது என அது விதித்தது.

ஆதலின், வகுப்பறையில் 'அதிகாரி', 'பொறுப்பாளர்' ஆகிய சொற்களை ஒருபொருட் பன்மொழியாகக் கற்பித்தல் பொருந்தாது. முன்னதன் அடிப்படை அதிகாரம். பின்னதன் அடிப்படை பொறுப்பு. நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முதலாகக் கோயில் செயலவை ஈறாக, இவ்வேறுபாட்டை உணர்ந்த உறுப்பினர் இருக்கும்வரையே அவ்வமைப்புகள் உறுப்பினருக்கு உரியனவாக நிலைக்கும்.