வலைக்கு அப்பால் நின்றவர்

விளையாட்டின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வெற்றிப் பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். யார் வென்றார், யார் தோற்றார், புள்ளிகள் எத்தனை என்பதோடு நம் ஆர்வம் அடங்கிவிடுகிறது. களத்தில் நிற்கும் மனிதனின் உள்ளத்தில் அவ்வேளை நடக்கும் போராட்டத்திற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. டென்னிஸ் ஆட்டத்தில் அப்போராட்டம் மிகக் கடுமையானது. கால்பந்தில் தோள்கொடுக்கப் பத்துப் பேர் உண்டு. குத்துச்சண்டை வீரனுக்கும் சுற்றுகளின் இடைவேளையில் ஆறுதல் சொல்ல ஒருவர் மூலையில் காத்திருக்கிறார். டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்திலோ, வீரன் மணிக்கணக்கில் தனியனாகவே நிற்கவேண்டும். நாம் பேசவிருக்கும் காலத்து விதிகளின்படி, விம்பிள்டனில் ஆடுகின்றவனுக்கு அவன் பயிற்சியாளர் ஒரு சொல்லேனும் சொல்ல இயலாது. அத்தனிமையில் அவனுக்கு வாய்த்த ஒரே துணை, வலைக்கு அப்பால் நிற்கும் எதிராளிதான் என்று சொன்னால் விந்தையாகத் தோன்றும். அவ்விந்தையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை 1980-ஆம் ஆண்டு விம்பிள்டன் போட்டியும், அதன்பின் இருவர் வாழ்வில் நேர்ந்தவையும் நமக்கு உணர்த்துகின்றன.

அவ்விருவருள் மூத்தவர் பியார்ன் போர்க். 1956-இல் பிறந்து, ஸ்வீடன் நாட்டில் ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள சோடர்டாலியே நகரில் வளர்ந்தவர். 1976 தொடங்கி 1979 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து விம்பிள்டன் பட்டத்தை வென்றிருந்தார். வெற்றியிலும் தோல்வியிலும் அவர் முகத்தில் ஒரு சலனமும் தெரிவதில்லை. "பனிக்கட்டி மனிதர்" என்று பத்திரிகைகள் அவருக்குப் பெயர் சூட்டின. 1979-இல் இரண்டாம் சுற்றிலேயே நம் சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜ் அவரைத் தோல்வியின் விளிம்பு வரை தள்ளிச் சென்றார். இரண்டு செட்டுகளுக்கு ஒன்று என அமிர்தராஜ் முன்னணியில் இருந்தபோதும் போர்க்கின் முகம் மாறவில்லை. ஐந்தாவது செட்டில் வென்று வெளியேறினார்.

ஆனால் இந்த அமைதி அவர் பிறவிக் குணமன்று. சிறுவனாக இருந்தபோது அவர் மட்டையை வீசியெறிந்தவர். வாய்க்கு வந்தபடி பேசியவர். அதனால் அவருடைய மன்றமே அவரைச் சில மாதங்கள் விலக்கி வைத்தது. அந்த அவமானத்திற்குப் பின்பே அவர் வாயை மூடிக்கொண்டார். அணைத்தது வெளிச்சுடரை மட்டுமே; கனல் உள்ளே இருந்தது. அவரை நன்கு அறிந்த பயிற்சியாளர் லென்னார்ட் பெர்ஜெலின் அதை அறிவார். விம்பிள்டன் நடைபெறும் இரு வாரங்களும் முகச்சவரம் செய்யாத வழக்கம், மட்டையின் நரம்புகளை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டும் பழக்கம் ஆகிய அனைத்தும் அந்த இறுக்கத்தின் வெளி அடையாளங்களாகவே நமக்குப் படுகின்றன.

மற்றவர் ஜான் மெக்கன்ரோ. 1959-இல் பிறந்து நியூயார்க் நகரில் வளர்ந்தவர், இடக்கை ஆட்டக்காரர். 1977-இல், பதினெட்டு வயதில், தகுதிச் சுற்றுகளிலிருந்து மேலேறி விம்பிள்டன் அரையிறுதி வரை வந்து உலகை வியப்பில் ஆழ்த்தினார். போர்க் உள்ளே அடக்கியதையெல்லாம் இவர் வெளியே கொட்டினார். நடுவரோடு வாதிட்டார், கோட்டு நடுவரைச் சாடினார், பார்வையாளரோடும் மோதினார். தம் ஆட்டம் குறையின்றி அமையவேண்டும் என்ற தாகமும், அமையாதபோது எழுந்த சினமும் அவரைப் பாடாய்ப் படுத்தின. ஒருவர் பூட்டிய கதவு, மற்றவர் திறந்துவிட்ட மதகு. இருவரையும் வாட்டிய அச்சம் ஒன்றே; தோல்வியைப் பற்றிய அச்சம் அது.

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருவரும் மோதிய ஆட்டம் ஒன்றை மெக்கன்ரோ பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். மூன்றாவது செட் கடுமையாகச் சென்றுகொண்டிருந்தது. மெக்கன்ரோ வழக்கம்போல் கொதித்துப் புலம்பத் தொடங்கினார். அப்போது போர்க் அவரை வலையருகே வருமாறு சைகை காட்டினார். ஏதோ கடிந்து கூறப்போகிறார் என்றே மெக்கன்ரோ எண்ணினார். போர்க்கோ அவர் தோளில் கைபோட்டு, அமைதியாக இருக்கும்படியும், இது அருமையான ஆட்டம், இதை மகிழ்ந்து ஆடலாம் என்றும் சொன்னார். அந்தப் பொழுதிலிருந்து போர்க்கோடு ஆடிய ஆட்டங்களில் தம் நாவை அடக்கிக்கொண்டதாக மெக்கன்ரோ கூறுகிறார். நடுவர்களின் எச்சரிக்கையும் பத்திரிகைகளின் கண்டனமும் சாதிக்காத ஒன்றை, எதிராளியின் ஒரு கை சாதித்தது.

இனி 1980-க்கு வருவோம். அரையிறுதியில் மெக்கன்ரோ தம் நாட்டவரான ஜிம்மி கானர்ஸை வென்றார். அந்த ஆட்டத்தில் எழுந்த பூசல்களால், ஜூலை 5 அன்று இறுதியாட்டத்திற்காக மைய ஆடுகளத்தில் அவர் கால் வைத்தபோது பார்வையாளர்கள் இகழ்ச்சிக் குரல் எழுப்பினர். ஆயினும் முதல் செட்டை 6–1 என எளிதாக அவரே வென்றார். அடுத்த இரு செட்டுகளையும் 7–5, 6–3 என போர்க் கைப்பற்றினார். நான்காவது செட்டில் போர்க்கின் சர்வீஸில் இரண்டு வெற்றிப் புள்ளிகள் வாய்த்தன. ஒன்றை வென்றிருந்தால் ஐந்தாம் பட்டம் அவருடையது. இரண்டையும் மெக்கன்ரோ முறியடித்தார். செட் ஆறுக்கு ஆறு எனச் சமநிலையை அடைந்து டை-பிரேக் தொடங்கியது.

டை-பிரேக்கில் ஏழு புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெல்வார். ஆனால் இரண்டு புள்ளி வேறுபாடு வேண்டும். அந்த வேறுபாடு அன்று எளிதில் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடங்கள், முப்பத்து நான்கு புள்ளிகள் என அது நீண்டது. போர்க் ஐந்து முறை பட்டத்திற்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்றார். ஐந்து முறையும் அது நழுவிப் போயிற்று. மெக்கன்ரோவுக்கும் செட்டை வெல்லும் வாய்ப்புகள் வந்து வந்து கைதவறின. இறுதியில் 18–16 என மெக்கன்ரோ வென்றார். அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. தொடக்கத்தில் இகழ்ந்தவர்களும் அப்போது கைதட்டிக்கொண்டிருந்தனர்.

அந்த இடைவேளையில் நாற்காலியில் அமர்ந்திருந்த போர்க்கின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழு முறை கையில் வந்த பட்டம் ஏழு முறையும் பறிபோயிருந்தது. ஆட்டத்தையே இழந்துவிடுவோம் என்று அப்போது அஞ்சியதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். எதிர்ப்புறத்தில் மெக்கன்ரோ, இனி வெற்றி நமதே என்று நம்பினார். ஐந்தாவது செட்டின் முதல் சர்வீஸ் போர்க்குடையது. முதல் இரண்டு புள்ளிகளையும் அவர் இழந்தார். அங்கேயே உடைந்திருக்கலாம்; உடையவில்லை. அந்த ஆட்டத்தை மீட்டார். அதன்பின் தம் சர்வீஸில் அவர் இழந்த புள்ளிகள் மிகச் சில. 8–6 என அந்தச் செட்டையும், அதனோடு தொடர்ச்சியாக ஐந்தாவது பட்டத்தையும் வென்று, மண்டியிட்டுப் புல்லில் விழுந்தார். ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்த அந்த ஆட்டத்தில் மெக்கன்ரோ நடுவரோடு சண்டையிட்டார் என்று எவரும் எழுதவில்லை.

வெற்றியாளர் அன்று தம்மை வென்றார்; தோற்றவரும் தம்மை வென்றார் என்பதே நம் கணிப்பு. ஒருவரையொருவர் தோற்கடிக்க வந்த இருவரும், தாம் தனியே எட்டியிராத உயரத்திற்கு ஒருவரையொருவர் ஏற்றிவிட்டனர். ஆனால் அந்த உயரத்தில் நிற்பதற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை முதலில் கொடுத்தவர் போர்க்.

அதே ஆண்டு அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் மெக்கன்ரோ ஐந்து செட்டுகளில் போர்க்கை வென்றார். 1981-ஆம் ஆண்டு விம்பிள்டனில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். முதல் சுற்றிலேயே நடுவரோடு மெக்கன்ரோ நிகழ்த்திய வாக்குவாதம் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் ஜூலை 4 அன்று போர்க்குக்கு எதிரான இறுதியாட்டத்தில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டார். நான்கு செட்டுகளில் வென்றார். விம்பிள்டனில் தொடர்ச்சியாக நாற்பத்தொரு ஆட்டங்களை வென்றிருந்த போர்க்கின் பயணம் அங்கே நின்றது. தோற்றபின் தம்மை அதிர வைத்தது தோல்வியன்று, அத்தோல்வி தமக்கு வருத்தமே தரவில்லை என்பதே என்று போர்க் பின்னாளில் கூறினார். சிறுவயது முதல் அடக்கி அடக்கி வைத்த கனல் தானே அவிந்துபோயிருந்தது. கோபத்தை அடக்கப் பழகியவர் தம்மை அறியாமலே ஆசையையும் அடக்கிவிட்டார் போலும்!

செப்டம்பரில் அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்திலும் மெக்கன்ரோவே வென்றார். அப்போட்டியில் போர்க்குக்குத் தொலைபேசி வழியாகக் கொலை மிரட்டலும் வந்திருந்தது. கைகுலுக்கி முடித்த போர்க், பரிசளிப்பு விழாவுக்கு நில்லாமல் அரங்கை விட்டு நேரே வெளியேறினார். அமெரிக்க ஓப்பனில் அவர் நான்கு இறுதியாட்டங்களில் ஆடி நான்கிலும் தோற்றவர். அதன்பின் எந்தப் பெரும் போட்டியிலும் அவர் ஆடவில்லை. 1983 ஜனவரியில், இருபத்தாறு வயதில், ஓய்வை அறிவித்தார். இருவரும் மோதிய பதினான்கு ஆட்டங்களில் ஆளுக்கு ஏழு வெற்றி. கணக்கு சமமாகவே நின்றுவிட்டது.

எதிரி விலகினால் மற்றவருக்கு வழி தெளிவாகும் என்பது உலக வழக்கு. மெக்கன்ரோவும் அப்போது மகிழ்ந்திருக்க வேண்டும். அவரோ, திரும்பி வருமாறு போர்க்கை வற்புறுத்தியவர்களுள் ஒருவரானார். 1984-இல் அவர் 82 ஆட்டங்களில் வென்று மூன்றில் மட்டுமே தோற்றார். ஆயினும் அம்மூன்றுள் ஒன்று அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. பிரெஞ்சு ஓப்பன் இறுதியாட்டத்தில் இவான் லெண்டிலுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளை வென்றிருந்தவர், களத்தோரம் ஒளிப்படக் கருவியாளரின் செவிப்பொறியிலிருந்து கசிந்த ஓசையால் நிலைகுலைந்து சினந்து, ஐந்து செட்டுகளில் தோற்றார். வலையருகே அழைத்துத் தோளில் கைபோட அப்போது அங்கே எவரும் இல்லை. அவ்வாண்டுக்குப் பின் ஒற்றையர் பிரிவில் பெரும் பட்டம் எதையும் அவர் வெல்லவில்லை. 1990-இல் ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியிலிருந்து, நடத்தைக் குறைவுக்காக ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டார்.

போர்க்கின் நிலை அதனினும் வேதனையானது. 1991-இல் பழைய மரமட்டையோடு மான்டி கார்லோவில் மீண்டும் களமிறங்கி முதல் சுற்றிலேயே தோற்றார். 2006-இல் தம் ஐந்து விம்பிள்டன் கோப்பைகளையும் ஏலத்தில் விற்க முன்வந்தார். செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழைத்து, உமக்கென்ன பித்தா என்னும் பொருள்படக் கேட்டவர்களுள் மெக்கன்ரோவும் ஒருவர். ஏலம் கைவிடப்பட்டது. அக்கோப்பைகளுள் ஐந்தாவது, மெக்கன்ரோவை வீழ்த்திப் பெற்றது. தம் தோல்வியின் சின்னத்தை அழியாமல் காக்கத் தோற்றவரே முன்வந்த காட்சியை விளையாட்டு வரலாற்றில் நாம் அரிதாகவே காண்கிறோம்.

2017-இல் தொடங்கிய லேவர் கோப்பைப் போட்டியில் ஐரோப்பிய அணிக்குப் போர்க்கும், உலக அணிக்கு மெக்கன்ரோவும் தலைமை தாங்கினர். 2024 வரை அவர்கள் அப்பொறுப்பில் இருந்தனர். முதுமையிலும் அவர்கள் எதிரெதிர்ப் பக்கங்களிலேயே அமர்ந்தனர். அதுவே அவர்களுடைய நட்பின் இயல்பான இருக்கை போலும்.

போட்டியை மனிதனின் நோயென்று கூறுவோர் உண்டு. மருந்தென்று போற்றுவோரும் உண்டு. இவ்விருவர் வாழ்வு அவ்வளவு எளிய தீர்ப்புக்கு இடம்தரவில்லை. 1981-இல் போர்க்கை வீழ்த்தியதில் மெக்கன்ரோவின் மட்டைக்குப் பங்குண்டு. எவரிடமும் பகிராமல் உள்ளத்தில் புதைத்த சுமைக்கு அதனினும் பெரிய பங்குண்டு. 1984-இல் மெக்கன்ரோவை வீழ்த்தியதில் லெண்டிலின் திறமைக்குப் பங்குண்டு; கட்டுக்கடங்காத சொந்தச் சினத்திற்கும் பங்குண்டு. அந்த உட்பகையை அவ்விருவரும் வென்று நின்ற காலம் ஒன்று இருந்தது. அப்போதெல்லாம் வலைக்கு அப்பால் மற்றவர் நின்றார். நம் அலுவலகத்திலும், கல்விக்கூடத்திலும், தெருவிலும் நம்மோடு போட்டியிடும் ஒருவரை, இவர் இல்லாதிருந்தால் நலமாயிருக்குமே என்று நாம் எண்ணுவதுண்டு. அவ்வாறு எண்ணும் முன், அவர் இல்லாதபோது நாம் எப்படி இருந்தோம் என்பதையும் சற்றே நினைத்துப் பார்ப்போமாக.