பட்டாளத்திலிருந்து பாதைக்கு

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகலை, தெல்வல ஆகிய ஊர்களைக் கடந்து கலவானவுக்குச் செல்லும் தெருவில் தேயிலையும் இறப்பரும் நாள்தோறும் இறங்கி வருகின்றன. கலவானவுக்கு இருப்புப்பாதை வந்ததே இல்லை. களனிவெளிப் புகையிரதம் 1912-இல் இரத்தினபுரியை எட்டிற்று. பின்னர் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டது. ஆகவே சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் வாழும் இம்மக்களுக்குத் தெரு ஒன்றே துணை. கொழுந்து தொழிற்சாலைக்குப் போவதும், பிள்ளை பள்ளிக்குப் போவதும், நோயாளி ஆசுபத்திரிக்குப் போவதும் தெருவாலேதான்.

இத்தகைய தெருக்களை இந்நாட்டில் முதன்முதல் போட்டவர் யார்? பாடநூல் உடனே ஒரு பட்டாளத்து அதிகாரியின் பெயரைச் சொல்கிறது. அந்த விடை பொய்யன்று. ஆனால் பாதி விடை. மறு பாதியையும் சேர்த்து எழுதினால், இராணுவ சேவையிலிருந்து பொறியியல் உத்தியோகத்துக்குச் செல்லும் வழி எவருக்குத் திறந்திருந்தது, எவருக்கு அடைபட்டிருந்தது என்பதும் விளங்கும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் எஞ்சினியர் என்றாலே படையைச் சேர்ந்தவன் என்றுதான் பொருள். கோட்டை கட்டுவதும், அரண் தகர்ப்பதும், படை கடக்கப் பாலம் அமைப்பதும் அவன் வேலை. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜோன் ஸ்மீட்டன் போன்றோர் கலங்கரை விளக்கமும் கால்வாயும் கட்டுவோராகிய தம்மைப் படையினின்று பிரித்துக்காட்டவே 'சிவில் எஞ்சினியர்' என்ற பெயரை வழங்கினர். 1818-இல் லண்டனில் அத்தொழிலுக்கென ஒரு சங்கமும் தோன்றிற்று. குடியேற்ற நாடுகளிலோ இந்தப் பிரிவு எளிதில் ஏற்படவில்லை. அங்கே அரசாங்கமே ஒரு பாசறையாக இருந்தது. படைக்காக வெட்டிய பாதையில் பிறகு வியாபாரம் நடந்தது. படையை நடத்தியவனே பிறகு திணைக்களத்தையும் நடத்தினான்.

இலங்கையில் இதற்குச் சிறந்த உதாரணம் மேஜர் தோமஸ் ஸ்கின்னர். 1804-இல் பிறந்த இவர் பதினைந்து வயதளவில் இலங்கைப் படைப்பிரிவொன்றில் அதிகாரியாகச் சேர்ந்தார். பொறியியற் கல்லூரி எதையும் அவர் கண்டதில்லை. 1815-இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18-இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் மூண்ட கிளர்ச்சி மிகுந்த இரத்தப்பெருக்குடன் அடக்கப்பட்டது. மலைநாட்டைப் பிடித்து வைத்திருக்கக் கோட்டைகளைவிடத் தெருக்களே வேண்டும் என்று கண்டவர், 1820-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற எட்வேட் பார்ன்ஸ். வாட்டர்லூப் போரிலே பங்கெடுத்த தளபதி அவர். கொழும்பையும் கண்டியையும் இணைக்கும் பெருந்தெருவை அவர் தொடங்கினார். அத்தெரு இன்றைய கேகாலை மாவட்டத்தை ஊடறுத்து, மாவனல்லையைக் கடந்து, கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுகிறது.

அந்தக் கணவாயில் ஒரு பகுதி வேலை, பதினாறு வயது ஸ்கின்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கீழ் 200 கண்டி நாட்டு விவசாயிகள். அவர்கள் மொழி அவருக்குத் தெரியாது. அவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. தெருப் போடும் தொழிலோ அவருக்குச் சற்றும் தெரியாது. இதை மறைக்காமல் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். செய்து செய்தே கற்றார். மலையின் ஏற்றத்தை எங்கே வளைத்து எடுத்தால் மாடு இழுக்கும், மழைநீரை எந்தப் பக்கம் வடித்தால் மண் சரியாது என்பவற்றை வேலைத்தலமே அவருக்குப் போதித்தது. பின்னாளில் மலைநாட்டை அளந்து படம் வரையும் பணியில் ஈடுபட்டபோது, அடர்ந்த காட்டில் யானைத் தடங்களைப் பின்பற்றிச் சிகரங்களை அடைந்தார். அவருடைய உழைப்பையும் மன உறுதியையும் நாம் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. கள்ளுச் சாராயக் கடைகளைப் பெருக்கி அரசாங்கம் வருமானம் தேடியதால் கிராம மக்கள் அடைந்த சீரழிவை 1849-இல் அவர் எடுத்துரைத்ததையும் இங்கே குறிப்பிடுவது நியாயம்.

அவருடைய உத்தியோக வாழ்வு படிப்படியாகப் படையைவிட்டு விலகிற்று. 1841-இல் அவர் தெருக்களுக்கான ஆணையாளர். 1850 முதல் பொதுவேலைப் பகுதியின் தலைவர். 1867-இல் ஓய்வு பெற்றபோது, தாம் வந்த காலத்தில் ஒழுங்கான தெருவே இல்லாதிருந்த இந்நாட்டில் ஏறத்தாழ 3,000 மைல் தெரு இருந்தது. அதே ஆண்டில்தான் புகையிரதம் கண்டியை அடைந்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டில்தான். படைக்கென்று பிறந்த தெரு, கோப்பிக்குப் பயன்பட்டு, தேயிலையின் காலத்துக்குத் தயாராகியிருந்தது. பார்ன்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் வைத்தவர். தெருவும் தோட்டமும் ஒரே கையால் விதைக்கப்பட்டவை.

சிறுவனாகப் பட்டாளத்தில் புகுந்தவர் நாட்டின் முதன்மைப் பொறியியலாளராக ஓய்வு பெற்றார். பட்டம் இல்லை, பரீட்சை இல்லை. வேலையில் பெற்ற அனுபவமே அவருக்குத் தகுதிச் சான்றாயிற்று. இதை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில் அதே கணவாயில், அதே வெயிலில், அதே மழையில், அதே அனுபவத்தைப் பெற்றவர்கள் வேறு பலர் இருந்தார்கள்.

முதலில் அவர்கள் சிங்கள விவசாயிகள். நிலத்தை அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்யும் 'இராஜகாரியம்' என்ற பழைய முறையை ஆங்கிலேயர் தமக்காக்கிக் கொண்டு, ஊர் ஊராக மக்களைத் தெரு வேலைக்கு இழுத்தனர். கோல்புரூக், கமரன் ஆணைக்குழுவின் சிபாரிசின்படி 1832-இல் அம்முறை ஒழிந்தது. ஒழிந்த பதினாறாம் ஆண்டில், 1848-இல், வேறு உருவில் அது திரும்பிற்று. அவ்வாண்டின் தெருச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும் என்றது. மாத்தளைக் கிளர்ச்சிக்கு அடிகோலிய வரிகளுள் இதுவும் ஒன்று.

இராஜகாரியம் போனபின் அரசாங்கத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அந்த இடத்தை நிரப்பியது பயனியர் படை. இதிற் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். பேரே சொல்வதுபோல் இது படையின் அமைப்பைக் கொண்டிருந்தது. பிரிவுகளாக வகுக்கப்பட்டு, அதிகாரிகளின் ஆணைக்கு அடங்கி, வேலை போகுமிடமெல்லாம் குடிசை மாற்றிக்கொண்டு இவர்கள் உழைத்தனர். காடு வெட்டினர், பாறைக்கு வெடி வைத்தனர், சல்லிக்கல் உடைத்தனர், மதகு கட்டினர். ஸ்கின்னரின் 3,000 மைலில் பெரும்பகுதி இவர்களுடைய தோளில் ஏறி வந்தது.

பயனியர் தொழிலாளியும் ஒருவகையில் பட்டாளத்திலிருந்து பாதைக்கு வந்தவனே. அவனும் செய்தே கற்றான். எந்தப் பாறை எங்கே பிளக்கும் என்று அவனுக்குத் தெரியும். மண்ணின் ஈரத்தைக் காலால் மிதித்தே சரிவை முன்னறிந்து சொல்லவும் அவனால் முடியும். அப்படியிருக்க, ஒருவனுடைய அனுபவம் பொறியியல் என்று பேர்பெற்றது. மற்றவனுடைய அனுபவம் கூலிவேலை என்று பேர்பெற்றது. ஒருவன் ஏணியில் ஏறினான். மற்றவனுக்கு ஏணியே வைக்கப்படவில்லை. சாலை முடிந்ததும் அவனுக்குக் காத்திருந்தது அடுத்த சாலை. அல்லது தோட்டத்து லயம். வேறுபாடு அறிவில் இல்லை. ஆளுவோன், ஆளப்படுவோன் என்ற நிலையிலேதான் இருந்தது.

பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்திலும் இதே கதைதான். ஸ்கின்னருக்கு ஓர் ஆண்டு மூத்தவரான ஆர்தர் கொட்டன், கம்பெனியின் அடிஸ்கோம்பு இராணுவக் கல்லூரியிற் படித்துச் சென்னை எஞ்சினியர் படையிற் சேர்ந்தவர். 1830களில் கொள்ளிடத்தில் மேலணை கட்டியவரும், பின்னர் கோதாவரியில் அணை கட்டியவரும் அவரே. ஆழங்காண முடியாத ஆற்று மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றோம் என்று அவர் மனந்திறந்து ஒப்புக்கொண்டார். அதே படையைச் சேர்ந்த பென்னிகுவிக், 1895-இல் நிறைவெய்திய முல்லைப்பெரியாறு அணையை எழுப்பினார். அதன் தொடக்க வேலைகளுக்குச் சென்னைப் பயனியர் பட்டாளத்தினர் அழைத்துச் செல்லப்பட்டனர். காட்டுக் காய்ச்சலில் மாண்டவர் பலர். கொட்டனுக்கும் பென்னிகுவிக்குக்கும் விவசாயிகள் இன்றும் மாலை சூட்டுகிறார்கள். அது நன்றியுள்ள மக்களின் பண்பு. கல்லணையின் கலைஞர்களுக்கும், பெரியாற்றுக் காட்டில் மடிந்தோருக்கும் உரிய மாலை இன்னும் கடனாகவே நிற்கிறது.

இலங்கைக்குத் திரும்புவோம். கண்டித் தெருவின் வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829-இல் இறந்தார். அவர் நினைவாக 1832-இல் கடுகண்ணாவை மலையில் உயர்ந்த கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டது; வழிப்போக்கர் இன்றும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஸ்கின்னருடைய வாழ்க்கை வரலாறு, அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1891-இல் அச்சேறியது. கல்லுடைத்தவர்களுக்குக் கோபுரமும் இல்லை, நூலும் இல்லை. அவர்களுடைய நினைவுச் சின்னம் தெருவே. நாள்தோறும் அதன்மேல் மிதித்துச் செல்லும் நாட்டுக்கு அது நினைவுச் சின்னமாகத் தோன்றவில்லை.

தோன்றாமற் போனதால் விளைந்த கேடு சிறிதன்று. நாடு சுதந்திரம் அடைந்த 1948-லேயே பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, இவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். எஞ்சியோரின் கதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டனர். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்முறை பாய்ந்தபோது, லயங்களை விட்டோடிய குடும்பங்கள் பல வவுனியாவைத் தஞ்சம் புகுந்தன. முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்தனர். பேரர்கள் வடக்கு நோக்கி ஓடினர்.

இன்னுமொரு செய்தி. இந்நாட்டின் பெருந்தெருக்களைப் போட்ட மக்களின் வாசலுக்குத் தெருப் போட, உள்ளூராட்சிக்கு நெடுங்காலம் கை கட்டப்பட்டிருந்தது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டப் பகுதிகளுக்குச் சபைகள் தாராளமாகச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத் தொழிலாளி வாக்களித்தான். அவன் வாக்கால் சபை அமைந்தது. அச்சபை அவனுடைய லயத்துக்குப் போகும் வழியில் ஒரு கூடை சல்லி கொட்ட வேண்டுமென்றால் சட்டம் குறுக்கே வந்தது. 2018-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் ஏட்டில் ஏறிவிட்டது. கலவானத் தோட்டத்து மண்பாதைகளில் அது ஏறவேண்டும். 2017 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இப்பகுதியை அலைக்கழித்தபோது, வழி துண்டிக்கப்பட்ட ஊருக்கு ஒரு தெரு எவ்வளவு பெறுமதியானது என்பதை நாடு முழுவதும் கண்டது.

இந்தச் சரித்திரத்தைப் படிப்பதால் இன்று என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. 2 இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டிருந்த இராணுவத்தை 2030-க்குள் 1 இலட்சமாகக் குறைக்கப்போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் சீருடையைக் கழற்றி வேறு தொழில் தேடும் காலம் இது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். பாலம் கட்டவும், இயந்திரம் ஓட்டவும், மின்கம்பி இழுக்கவும் படையில் அவர்கள் கற்ற தொழிலை மதித்துச் சான்று அளிக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வேலையிற் பெற்ற திறனைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் நாட்டில் இருக்கிறது.

அந்த நியாயம் லயத்தின் வாசலுக்கும் வரவேண்டும் என்பதே நமது வாதம். தேயிலைத் தொழிற்சாலையில் இருபது ஆண்டு இயந்திரம் பார்த்தவனும், தோட்டத்து வடிகாலையும் மதகையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவனும் செய்தே கற்றவர்கள். பதினாறு வயது ஆங்கிலேயச் சிறுவனுக்கு 1820-இல் கிடைத்த நம்பிக்கை, இரு நூற்றாண்டு கழித்தும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் திறன் சோதிக்கப்பட்டுச் சான்று பெறட்டும். அவர்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் தமிழிலே கற்பிக்க ஆசிரியர்கள் வரட்டும். பேராதனையின் பொறியியற் பீடத்துக்குக் கலவானத் தோட்டத்திலிருந்தும் வழி திறக்கட்டும்.

2023-இல், தோட்டத் தமிழர் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் நடந்து மடிந்த தடத்தில் அவர்கள் நடந்தனர். சிங்களரும் முஸ்லிம்களும் வழியில் அவர்களை வரவேற்றனர். இராஜகாரியத்தில் வாடிய சிங்கள விவசாயியும், பயனியர் படையில் வாடிய தமிழ்த் தொழிலாளியும் ஒரே தெருவுக்குத் தம் முதுகைக் கொடுத்தவர்கள். அத்தெருவின் வரலாற்றை இருவர் பெயராலும் எழுதுவது நம் தலைமுறையின் வேலை.