நெற்களஞ்சியம் (பாண்டிருப்பு – கல்முனைக் கரை)

அம்பாறை மாவட்டக் கரையோரத்தில், கல்முனைக்கும் மருதமுனைக்கும் இடையே பாண்டிருப்பு உள்ளது. கிழக்கே கடல்; மேற்கே வயல்.  இக்கரையில் வைக்க இடம் தேடி அலையும் பொருள் நெல்.

முன்பு போடியார்கள் எனப்படும் பெரிய வயற்காரர்கள் வீட்டிலேயே பட்டறை (நெற்கூடு) கட்டி நெல்லைக் காத்தார்கள். அறுத்த கதிரை வயலில் சூடாக (கதிர்ப்போராக) அடுக்கி வைத்து, வசதிப்பட்டபோது மிதித்தெடுத்ததால் அந்தச் சூடே ஒரு தற்காலிகக் களஞ்சியமாக இருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டம் மாவட்டத்தின் விளைச்சலைப் பெருக்கியது. வீட்டுப் பட்டறைகளால் அதைத் தாங்க முடியவில்லை.

1971ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபை உருவானது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் அதன் முகவர்களாக நெல் வாங்கின. 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும் தனியார் ஆலைகளின் கை ஓங்கியது. 1990களில் சபை முடங்கிப் பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2015இல் அரசு வாங்கிய நெல்லை வைக்க மத்தள விமான நிலையக் கட்டடங்களையே பயன்படுத்தும் அளவுக்கு நாட்டில் இடப் பஞ்சம் இருந்தது.

நிலைமையை முற்றாக மாற்றியது வெட்டு மெசின் எனப்படும் அறுவடை இயந்திரம். வாரக்கணக்கில் நடந்த அறுவடை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. பெரும்போக நெல் மாசி, பங்குனியில் ஈரத்தோடு ஒரேயடியாக வந்து குவிகிறது. சபை ஏற்கும் ஈரப்பதன் 14 சதவீதம். காயவைக்கக் களம் இல்லாதவர் வீதியோரத்தில் பரப்புகிறார். மழை இருட்டினால் வந்த விலைக்கு விற்கிறார். உரக்கடன், மெசின் கூலி, குத்தகை எல்லாம் அதே வாரத்தில் வாசலில் நிற்கும். வாங்குபவரோ களஞ்சியம் வைத்திருப்பவர். அவர் காத்திருக்கலாம், விவசாயியால் முடியாது. விலையைத் தீர்மானிப்பது காத்திருக்க முடிகிற இந்த வசதிதான் என்பதைக் கொள்கை வகுப்போர் போதிய அளவு உணரவில்லை.

2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என உத்தரவாத விலை அறிவித்தது. உலர்த்தவும் வைக்கவும் இடமில்லாதவருக்கு அந்த விலை எட்டுவதில்லை. கரையோர ஊர்களுக்கு முதலில் வேண்டியது, உலர்த்தியுடன் கூடிய சிறு கூட்டுறவுக் களஞ்சியங்கள். அங்கே வைத்த நெல்லை ஈடுகாட்டி வங்கிக்கடன் பெறும் வழியும் கூடவே வேண்டும்.