சொல் போனது, பலகை வந்தது

திருக்கழுக்குன்றத்து மலை உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கடல் ஒரு கோடாகத் தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாக எனக்குக் கடல் என்றால் அந்தக் கோடுதான். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மாமல்லபுரம். ஆனாலும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. நீச்சல் தெரியும், கிணற்று நீச்சல். "கெணத்துக்கு நாலு பக்கமும் கரை இருக்கு, கடலுக்கு ஒரு பக்கம்தான்டா" என்பார் அம்மா. சங்கு தீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கடல் எங்களைத் தேடி வருவது அந்த ஒரு சங்காகத்தான்.

இந்தப் பொங்கல் முடிந்த கையோடு அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வர்டு அனுப்பினான். "சர்ஃபிங்கைக் கண்டுபிடித்தவன் தமிழனே!" கீழே அவன் கேள்வி: "நெஜமா மாமா? நீங்கதான் பழைய விஷயமெல்லாம் எழுதுறீங்களே?" பத்தாவது படிக்கிறவன். "தெரியலடா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "பாக்குறதா இருந்தா கடல்லயே பாப்போம்" என்றான். அப்படித்தான் இரண்டு நாள் மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, இந்த வயசில் சர்ஃபிங் கற்கப் போனேன்.

போவதற்கு முன் என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். ஃபார்வர்டுக்குச் சாதகமானவை நிறையவே இருந்தன. சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அதிகமில்லை. ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் வாங்கியபோது அங்கே கப்பல் நிற்க வசதி கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே அலை உடைந்துகொண்டே இருக்கும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அந்த இடத்தில் நொறுங்கிப்போகும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. ஆணி கிடையாது, உள்சட்டமும் கிடையாது. அலை அடித்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. 1861-இல் சென்னையில் இரும்புப் பாலம் கட்டும்வரை இந்த ஊருக்கு வந்த கவர்னர் முதல் குமாஸ்தா வரை அதில் உட்கார்ந்துதான் கரையேறினார்கள்.

மசூலாவும் இறங்க முடியாத நாளில் கட்டுமரம் போகும். லேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது, அவ்வளவுதான். படகு என்றால் உள்ளே தண்ணீர் புகும் என்ற பயம் உண்டு. கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஒன்றே இல்லை. அலை மேலே ஏறி இடுக்கு வழியாக வழிந்து போய்விடும். பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தைச் செருகிக்கொண்டு, முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டுக் கப்பலுக்குப் போவார்கள். அலை புரட்டினால் நீந்திப் பிடித்து மறுபடி ஏறுவார்கள். இங்கிலாந்து மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தன் பயண நூலில் இந்த மிதவையைப் பற்றியும், அதற்கு இந்தக் கரையில் வழங்கும் பெயரையும் எழுதியிருக்கிறார். 'கட்டுமரம்' ஆங்கிலத்துக்குள் போன பழைய தடங்களில் அது ஒன்று.

இதையெல்லாம் படித்ததும், உண்மையைச் சொல்கிறேன், ஃபார்வர்டை ஆதரித்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று கை அரித்தது.

மறுநாள் காலை ஆறரைக்குக் கடற்கரை. தூரத்தில் கடற்கரைக் கோயில். அந்நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், அலையின் முகம் வழவழவென்று இருக்கும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பிவிட்டால் எல்லாம் கலைந்துவிடும். அதனால்தான் காலை வகுப்பு. கற்றுத் தந்த தம்பிக்கு முப்பதுக்குள் இருக்கும், மீனவர் வீட்டுப் பையன். ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்ற ஒன்பதடி போர்டு. கணுக்காலில் ஒரு கயிறு. முதல் அரைமணி மணலிலேயே ஒத்திகை: குப்புறப் படு, கையால் துழாவு, நெஞ்சைத் தூக்கு, ஒரே எழும்பலில் நில். மணலில் நன்றாகத்தான் நின்றேன்.

தண்ணீரில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பதினோரு முறை விழுந்தேன். நாலாவது முறை விழுந்தபோது எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. அம்மா சொன்ன நாலு கரையும் ஞாபகம் வந்தது. மூக்கில் உப்புத் தண்ணீரோடு எழுந்து, "போதும் தம்பி" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த அலை வேணாம்ணா, அடுத்ததும் வேணாம். அதுக்குப் பின்னாடி ஒண்ணு வருது, அத எடுப்போம்." எனக்குத் தெரிந்தது வெறும் தண்ணீர்தான். அவர் சொன்ன மூன்றாவது அலை சரியாக வந்தது.

"எப்படி தம்பி தெரிஞ்சுது?"

"சுனாமிக்கு முன்னாடி எங்கப்பா கட்டுமரத்துல போவாருண்ணா. சின்ன வயசுல என்னை முன்னாடி ஒக்கார வெச்சிக்கினு போவாரு. எப்ப தள்ளணும், எப்ப நிக்கணும்னு அவரு சொல்லுவாரு. அதான்."

பன்னிரண்டாவது தடவை எழுந்து நின்றேன். மூன்று விநாடி இருக்கும். அக்கா பையன் இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டான், அது வேறு விஷயம்.

அன்று மாலை கரையில் அவருடைய அப்பாவைப் பார்த்தோம். ஃபைபர் போட்டின் நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். நான் விழுந்ததையெல்லாம் பார்த்திருக்கிறார் போல, சிரித்தார். ஃபார்வர்டைப் படித்துக் காட்டி, "நீங்களும் இப்படி அலைமேல வெளையாடுவீங்களாய்யா?" என்று கேட்டேன். "வெளையாட்டா? திரும்பி வரப்போ அலை தள்ளும், அதுமேல ஏறிக்கினா கரை வந்துரும். மீனு கெட்டுப்போறதுக்குள்ள வரணும்ல?" என்றார். பிறகு அலைகளைப் பற்றி என்னென்னவோ சொன்னார். அதில் பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பதிலில் எனக்கு விஷயம் தெளிந்தது. அலை உடையும் கரையில் மீன் பிடிக்கிறவர்கள் எங்கே இருந்தாலும் திரும்பி வரும்போது அலைமேல் ஏறித்தான் வருவார்கள். பெருவில் கோரையால் கட்டிய ஒற்றையாள் படகில் வருகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் குடைமரப் படகில் வருகிறார்கள். இது பிழைப்பு. இதையே ஒரு கலையாக, போய் வர வேலை எதுவும் இல்லாமல், அலைக்காகவே அலை ஏறுவதாக வளர்த்தவர்கள் பாலினேசியர்கள், முக்கியமாக ஹவாய்க்காரர்கள். கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில் போன ஜேம்ஸ் கிங் 1779-இல் அங்கே கண்டதை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அவர்களிடம் அதற்குச் சொல் இருந்தது: ஹெஎ நாலு, அதாவது அலையில் சறுக்குவது. பலகைகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தது, தலைவர்களுக்கான நீளப் பலகை 'ஓலோ'. நம்மிடம் கட்டுமரத்துக்கும் துடுப்புக்கும் பெயர் உண்டு. இந்த விளையாட்டுக்கு மட்டும் இல்லை. 'அலைச்சறுக்கு' என்பது இப்போது செய்துகொண்ட சொல். மாமல்லபுரத்துப் பையன்கள் அதைச் சொல்வதுகூட இல்லை, 'சர்ஃப் பண்றோம்' என்கிறார்கள். ஒரு பொருள் ஒரு ஊரில் பழையதா புதியதா என்பதற்குச் சொல்லை விட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

ஆக, ஃபார்வர்டு தப்பு. ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொன்று கிடைக்கிறது. இன்று உலகம் முழுக்க 'கேடமரன்' என்றால் இரட்டை உடல் கொண்ட படகு. நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் அமைப்பில் சம்பந்தமில்லை. இரட்டை உடல் படகு பசிபிக் தீவுகளின் மரபு. ஐரோப்பியர்கள் நம் கரையில் கேட்ட சொல்லை எடுத்துப் போய் அவர்கள் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். சொல் இங்கிருந்து போனது. பதிலுக்கு என்று வைத்துக்கொண்டால், பலகை அங்கிருந்து வந்தது.

அது வந்த வழி நீளம். 1820-இல் மிஷனரிகள் வந்த பிறகு ஹவாயிலேயே அந்த விளையாட்டு மங்கிப்போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எழுந்தது. ஜார்ஜ் ஃப்ரீத் 1907-இல் கலிஃபோர்னியாவுக்கும், டியூக் கஹானமோக்கு 1914-இல் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனார்கள். இந்தியாவில் 2004 வாக்கில் கர்நாடகத்து முல்கியில் அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் மந்த்ரா சர்ஃப் கிளப்பைத் தொடங்கினார். நம் பக்கத்துக் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-இல் நண்பர்கள் துணையோடு சர்ஃப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் கேரளத்துக் கோவளத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

இதே காலத்தில்தான் கட்டுமரம் கரையிலிருந்து காணாமல் போனது. ஃபைபர் போட்டும் மோட்டாரும் முன்பே வரத் தொடங்கியிருந்தன. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நிவாரணமாகவும் ஃபைபர் போட்டுகள்தான் வந்து குவிந்தன. மோட்டார் இருந்தால் அலைக்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. பிழைப்புக்கு நல்லதுதான், குறை சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் மூன்றாவது அலையை முன்கூட்டியே பார்க்கும் அந்தக் கண் எங்கே போகும்? என் கணக்கில் அது போர்டுக்குப் போயிருக்கிறது. அப்பா கட்டுமரத்தில் உட்கார வைத்துக் காட்டியதை மகன் வேறு கடலிலிருந்து வந்த பலகையின் மேல் வைத்திருக்கிறார். மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து, கிணற்று நீச்சல்காரனான நானும் அதைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா பையனிடம் சொன்னேன்: "தமிழன் கண்டுபிடிக்கலடா. ஆனா உனக்குக் கத்துக் குடுத்த அண்ணனுக்குக் கத்துக் குடுத்தது கட்டுமரம்." "இத ஃபார்வர்டு பண்ணா யாரும் படிக்க மாட்டாங்க மாமா" என்றான். சரிதான்.

அடுத்த மாசம் மறுபடி போகிறேன், போர்டுக்காக மட்டுமில்லை. அந்தப் பெரியவர் சொன்ன அலைச் சொற்களை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். போட்டில் போகிற பையன்களுக்கும் சர்ஃப் பண்ணுகிற பையன்களுக்கும் அவை தேவைப்படவில்லை. உங்கள் ஊர்க் கரையில் கட்டுமரம் ஓட்டியவர்கள் இருந்தால், அலையை என்னென்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.