முத்தாய்ப்பை இடம் மாற்றியவர்கள்: மான்டி பைத்தான் குழுவின் வடிவமும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும்

1975 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் மூன்று அரைமணி நேரப் பகுதிகளை ஒன்றாக்கி ஒரே சிறப்பு நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. 90 நிமிடம் ஓடியிருக்க வேண்டியதில் 24 நிமிடம் காணாமல் போயிருந்தது. விளம்பரங்களுக்கு இடம் தேவைப்பட்டது ஒரு காரணம். ஆபாசம், அருவருப்பு என்று நிலையத்தார் கருதியதை நீக்கியது இன்னொன்று. அந்த ஒளிநாடாவைப் பிறகு போட்டுப் பார்த்த குழுவினர் அதிர்ந்தார்கள். டிசம்பர் 26 அன்று அடுத்த மூன்று பகுதிகளும் அதே கதிக்கு ஆளாகவிருந்தன. தடை கேட்டு நியூயார்க் நீதிமன்றம் போனார்கள். மாவட்ட நீதிபதி தடை தர மறுத்தார். 1976 ஜூன் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது.

சட்டம் படிப்போர் இந்த வழக்கை, படைப்பின் முழுமையைக் காக்கப் படைப்பாளிக்கு இருக்கும் உரிமை பற்றிய முன்னோடித் தீர்ப்பாக அறிவார்கள். நகைச்சுவையை ஆராய்வோர் அதை எடுத்துப் பார்ப்பதே அரிது. ஆனால் இந்தக் குழுவைப் பற்றிய கூர்மையான விமர்சனங்களில் ஒன்று அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. நகைச்சுவை எந்த உச்சத்தை நோக்கி நகர்ந்ததோ அந்த உச்சமே வெட்டுப்பட்ட இடங்கள் உண்டு, கதையின் வளர்ச்சிக்கு இன்றியமையாத கண்ணிகள் அறுந்த இடங்களும் உண்டு என்று நீதிமன்றம் கண்டது. இங்கேதான் ஒரு புதிர். குறுநாடகத்துக்கு முத்தாய்ப்பே வேண்டாம் என்று தூக்கி எறிந்தவர்கள் என்பதுதான் மான்டி பைத்தானின் புகழ். முத்தாய்ப்பு இல்லாத இடத்தில் உச்சம் எங்கிருந்து வந்தது?

இக்கட்டுரையின் விடை இது: அவர்கள் முத்தாய்ப்பை ஒழிக்கவில்லை, குறுநாடகத்தின் கடைசி வரியிலிருந்து பெயர்த்து, அரைமணி நேரத்தின் வேறெங்கோ கொண்டுபோய் வைத்தார்கள். ஆகவே அவர்களுடைய படைப்பின் அலகு குறுநாடகம் அன்று. ஒரு முழுப் பகுதி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லலாம். கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள்; டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பாலின் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள். ஆறாமவர் டெர்ரி கில்லியம் அமெரிக்காவில் பிறந்த ஓவியர். பிபிசியில் 1969 அக்டோபர் 5 முதல் 1974 டிசம்பர் வரை நான்கு தொடர்களாக 45 பகுதிகள் வந்தன. மூன்றாவது தொடரோடு கிளீஸ் விலகிவிட்டார். ஏபிசி கத்தி வைத்த ஆறு பகுதிகளும் அவர் இல்லாத நான்காவது தொடரைச் சேர்ந்தவை.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் குறுநாடகத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. இருவர் பேசுவார்கள், பேச்சு முறுகும், கடைசியில் ஒரு வரி விழும், அரங்கம் சிரிக்கும், விளக்கு அணையும். நடுவில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் கடைசி வரி சப்பென்று இருந்தால் முழுதும் வீண். அந்தக் கடைசி வரிக்காகவே நல்ல கருக்கள் குப்பைக்குப் போயின. இந்த இலக்கணத்தை முதலில் உடைத்தவர் ஸ்பைக் மில்லிகன். இந்தியாவின் அகமத்நகரில் 1918இல் பிறந்த இவர், 1969 மார்ச்சில் தொடங்கிய 'க்யூ5' நிகழ்ச்சியில் காட்சிகளை முடிக்காமலே அடுத்ததற்குத் தாவினார். அதைப் பார்த்த டெர்ரி ஜோன்ஸுக்குத் தாங்கள் தேடிக்கொண்டிருந்த வழி இதுதான் என்று புரிந்தது. ஆனால் மில்லிகன் உடைத்ததோடு நின்றார். உடைந்த துண்டுகளை ஒன்றோடொன்று கோக்கும் வழி கில்லியமின் கத்தரிக்கோலில் இருந்தது. விக்டோரியா காலத்துச் செதுக்கோவியங்கள், பழைய புகைப்படங்கள் ஆகியவற்றிலிருந்து உருவங்களை வெட்டி நகர்த்தி அவர் செய்த அசைவூட்டம், ஒரு காட்சியின் கடைசிப் பொருளை அடுத்த காட்சியின் முதல் பொருளாக மாற்றியது. தலைப்புக் காட்சியில் திரையை நசுக்கும் அந்தப் பெரிய பாதம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ள பிரான்ஸினோ ஓவியத்தின் மன்மதனுடையது. அது நசுக்குவது முத்தாய்ப்பைத்தான் என்று சொன்னால் மிகையாகாது.

வாதத்தை ஒரு பகுதியில் வைத்துப் பார்க்கலாம். 1970 டிசம்பர் 15 அன்று ஒளிபரப்பான 25ஆம் பகுதி 'ஸ்பாம்' என்ற குறுநாடகத்துக்குப் பேர்போனது. அது ஒரு கடற்கொள்ளையர் சாகசப் படமாகத் தொடங்குகிறது. எழுத்தோட்டம் ஓடுகிறது, படகு கரை சேர்கிறது. வேறு நிகழ்ச்சியைப் போட்டுவிட்டார்களோ என்று பார்ப்பவருக்குச் சந்தேகமே வந்துவிடும். பிறகுதான் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அறிவிப்பாளராகக் கிளீஸ் தென்படுகிறார். அடுத்து ஒரு ஹங்கேரியர், கையில் சொற்றொடர்க் கையேட்டோடு புகையிலைக் கடைக்குள் நுழைகிறார். கையேடு தவறானது, சாதாரண விசாரிப்பெல்லாம் ஆபாசப் பேச்சாக மொழிபெயர்ந்து வருகிறது. போலீஸ் வருகிறது. கையேட்டை வெளியிட்டவர் நீதிமன்றக் கூண்டில் ஏறுகிறார். வழக்கமான இலக்கணப்படி ஹங்கேரியரின் வேலை அங்கே முடிந்தது. இதற்குப் பிறகு மார்க்ஸும் லெனினும் கால்பந்துக் கேள்விகளுக்குத் திணறும் வினாடி வினா, முதல் உலகப் போர்ப் பதுங்குகுழி என்று பகுதி எங்கெங்கோ அலைகிறது.

கடைசியில் ஓர் எளிய சிற்றுண்டிக் கடை. கணவராக ஐடில், மனைவியாகச் சாப்மன், பரிமாறுபவளாக ஜோன்ஸ். பட்டியலில் எதை எடுத்தாலும் ஸ்பாம், அதாவது டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி. பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1954 வரை நீடித்தது; போர்க்காலத்திலும் அதன் பிறகும் இந்த இறைச்சியைத் தின்று சலித்த தலைமுறைதான் 1970இல் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. பின்மேசையில் வைக்கிங் வீரர்கள் அந்தப் பெயரையே பாட்டாகப் பாடி மற்றவர்களின் பேச்சை அமுக்குகிறார்கள். அப்போது கதவைத் திறந்துகொண்டு அதே ஹங்கேரியர், அதே கையேட்டோடு வருகிறார். போலீஸ்காரர் அவரை இழுத்துப் போகிறார். வைக்கிங் வரலாற்றை விளக்க வந்த அறிஞரின் பேச்சிலும் ஸ்பாம் புகுந்துகொள்கிறது. இறுதி எழுத்தோட்டத்தில் கலைஞர்களின் பெயர்களுக்கு நடுவிலும் அதே சொல்.

இதைத் தனித் துண்டாகப் பார்ப்பவருக்கு ஹங்கேரியர் யாரோ ஒரு கிறுக்கர். முழுதாகப் பார்ப்பவருக்கு அவர் பல நிமிடங்களுக்கு முன் கொடுத்துவைத்த கடனைத் திரும்ப வாங்க வந்தவர். புகையிலைக் கடையில் விழாத முத்தாய்ப்பு சிற்றுண்டிக் கடையில் விழுகிறது. நடுவில் 24 நிமிடம் போனால் என்ன போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

செத்த கிளிக் காட்சியும் இப்படித்தான். 1969 டிசம்பர் 7 அன்று வந்த எட்டாம் பகுதியில் இருக்கும் இது, கடைக்காரர் பாலினுக்கும் வாடிக்கையாளர் கிளீஸுக்கும் நடக்கும் வாக்குவாதமாகவே நினைவில் நிற்கிறது. பாதிப் பேருக்கு அதன் முடிவு நினைவிருக்காது. கிளியை மாற்ற வேறு ஊர்க் கடைக்குப் போவதும், ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர்க் குழப்பமும், கடைசியில் எல்லாம் அசட்டுத்தனமாகப் போகிறது என்று சாப்மனின் ராணுவ கர்னல் வந்து காட்சியை நிறுத்துவதும் மறந்துவிடுகின்றன. அந்தக் கர்னல் பகுதி முழுக்கக் காட்சிகளை நிறுத்திக்கொண்டே வருபவர். அவரே அந்தப் பகுதியின் முதுகெலும்பு.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. குழுவினரே தங்கள் காட்சிகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். 1971இல் பழைய காட்சிகளை மறுபடி எடுத்துக் கோத்துத் திரைப்படமாக்கினார்கள். அதில் கிளிக் காட்சியின் முடிவில் மரவெட்டியின் பாட்டு வந்து ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சியிலோ அந்தப் பாட்டு அடுத்த பகுதியில், ஒரு முடிதிருத்துநர் காட்சியின் முடிவில் வந்தது. இசைத்தட்டுகள், மேடை நிகழ்ச்சிகள், 2014இல் லண்டன் ஓ2 அரங்கில் நடந்த பத்து காட்சிகள் வரை துண்டுகள் தனியே வாழ்ந்தன. உண்மைதான். ஆனால் அந்த 1971 படம் அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்து எடுக்கப்பட்டு அங்கேயே தோற்றது. அமெரிக்காவில் குழுவுக்கு ரசிகர்களைச் சேர்த்தது 1974இல் டல்லஸ் நகரின் பொது ஒளிபரப்பு நிலையம்தான். விளம்பர இடைவெளி இல்லாத அந்த நிலையத்தில் பகுதிகள் முழுதாக வந்தன. துண்டுகள் புகழைப் பரப்பின என்பதை மறுக்க முடியாது. புகழுக்கு உரிய வேலை முழுப் பகுதிகளில் நடந்தது.

1975இல் வந்த 'ஹோலி கிரெயில்' இதே கொள்கையின் திரை வடிவம். குதிரைக்குக் காசில்லாமல் தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பியது எல்லோரும் சொல்லும் செய்தி. அதைவிட முக்கியமானது படத்தின் முடிவு. நடுவில் ஒரு குதிரை வீரர் நிகழ்கால வரலாற்றாசிரியர் ஒருவரை வெட்டிச் சாய்க்கிறார். அது ஒரு நொடிச் சிரிப்பாகக் கடந்துபோகிறது. பிறகு அவ்வப்போது நவீனப் போலீஸ் தலைகாட்டுகிறது. இறுதிப் போருக்குப் படை திரண்டு ஓடிவரும்போது போலீஸ் வண்டி வந்து ஆர்தர் மன்னரைக் கைது செய்கிறது, கேமராவைக் கை மறைக்கிறது, படம் நின்றுவிடுகிறது. முடிவே இல்லை என்று கோபித்தவர்கள் அந்தக் கொலையை மறந்தவர்கள்.

குறைகளும் உண்டு. பெண் வேடங்களைப் பெரும்பாலும் ஆண்களே எடுத்துக்கொண்டார்கள். கேரல் கிளீவ்லாண்ட் போன்ற திறமையான நடிகைக்குக் கிடைத்தது பல நேரம் அழகுப் பொம்மை வேடம். பிற இனத்தாரைக் கேலிச்சித்திரமாக்கிய சில காட்சிகள் இன்று பார்க்கக் கூசுகின்றன. வடிவத்தின் புதுமை இவற்றுக்குச் சமாதானம் ஆகாது.

சென்னையிலும் கோவையிலும் பைத்தான் நிரல்மொழி பயிலும் மாணவர்கள் பலர் அது பாம்பின் பெயர் என்றே எண்ணுகிறார்கள். கீடோ வான் ராசம் 1989 இறுதியில் அந்த மொழியை உருவாக்கத் தொடங்கியபோது இந்தக் குழுவின் பெயரைத்தான் வைத்தார். பாடங்களில் மாறிகளுக்கு 'ஸ்பாம்' என்று பெயர் வருவதும், வேண்டாத மின்னஞ்சலுக்கு அதே பெயர் நிலைத்ததும் அந்தச் சிற்றுண்டிக் கடையிலிருந்து வந்தவையே. அப்பெயரை நாள்தோறும் தட்டச்சு செய்பவர்கள் கடைக் காட்சியின் மூன்று நிமிடத்தை மட்டும் தேடிப் பார்த்து நிறுத்திவிட வேண்டாம். 25ஆம் பகுதியைக் கடற்கொள்ளையர் படகிலிருந்து இறுதி எழுத்தோட்டம் வரை, அரைமணி நேரமும் தொடர்ந்து பாருங்கள்.